ஒற்றை என்ஜின் விமானம்: என்ஜின் நின்றால் எது முதலில்? ரன்வேக்குத் திரும்பலாமா?

வளர்பிறை (கேள்வி)

செஸ்னா 172எஸ்-இல் பயிற்சி எடுக்கிறேன். அடுத்து பழைய 172என், பைப்பர் பிஏ-28 இரண்டும் ஓட்ட வேண்டியிருக்கும். கையேட்டில் உள்ள அவசரகாலப் பட்டியல் மனப்பாடம். ஆனாலும் மூன்று விஷயங்கள் பிடிபடவில்லை.

தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் என்ஜின் நின்றால் முதலில் திரும்ப ஓட வைக்கப் பார்ப்பதா, இறங்க இடம் தேடுவதா, ரேடியோவில் சொல்வதா? டேக்-ஆஃப் ஆகி 600, 700 அடியில் நின்றால் ரன்வேக்குத் திரும்பலாமா? 1,000 அடிக்குக் கீழே திரும்பவே கூடாது என்கிறார் ஒருவர், 700 போதும் என்கிறார் இன்னொருவர். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? கடைசியாக, வயலைத் தேர்ந்தெடுத்த பிறகு அதைத் தாண்டிப் போகாமலும், அதற்கு முன்பே தரை தட்டாமலும் எப்படிக் கணக்கு வைப்பது?

---

மேல்காற்று

வேகம், இடம், காரணம், ரேடியோ. இதுதான் வரிசை. முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் நடக்கும்.

சத்தம் நின்றதும் கை தானாகவே யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) பின்னால் இழுக்கும். உயரத்தைப் பிடித்து வைக்கலாம் என்று உடம்பு நினைக்கிறது. உயரமும் நிற்காது, வேகமும் போய்விடும். க்ரூஸில் (மட்டமான பயணப் பறப்பில்) என்ஜின் நின்றிருந்தால் வேகம் 100 நாட்டுக்கு (மணிக்கு 100 கடல் மைலுக்கு) மேல் இருக்கும். மட்டமாகவே பிடித்து அது 68-க்கு, அதாவது 172எஸ்-இன் சிறந்த கிளைடு (என்ஜின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும்) வேகத்துக்கு, இறங்கும்வரை பறந்துவிட்டு, பிறகு மூக்கைத் தாழ்த்தி உடனே ட்ரிம் (கையை எடுத்தாலும் அந்த வேகத்தில் நிற்கவைக்கும் அமைப்பு) வையுங்கள். ட்ரிம் வைக்காமல் விட்டால் அடுத்த நான்கு நிமிடமும் ஒரு கை வேகத்தைப் பிடிப்பதற்கே போய்விடும். பட்டியலைப் படிக்கும்போது வேகம் 80-க்கும் 55-க்கும் இடையே அலையும்.

68 நாட் என்பது முழு எடையான 2,550 பவுண்டுக்கு. நீங்கள் மட்டும் ஏறி எடை 2,100 பவுண்டு அளவில் இருந்தால் 62 நாட் போதும். எடை குறைந்தால் கிளைடு தூரம் மாறாது, அதற்கான வேகம் மட்டும் எடையின் வர்க்கமூலக் கணக்கில் குறையும். எதிர்காற்றில் ஓர் இடத்தை எட்ட வேண்டுமானால் எதிர்காற்றின் வேகத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

172 என்ஜின் இல்லாமல் ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னே போகும். 3,000 அடியிலிருந்து 27,000 அடி, அதாவது ஏறக்குறைய 8 கி.மீ. நேரம் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இது காற்றில்லாத, திருப்பமே இல்லாத கணக்கு. அதனால் அதில் பாதித் தூரத்துக்குள் மட்டும் இடம் தேடுங்கள். முன் கண்ணாடி வழியாகத் தெரிவதை மட்டும் பார்த்துவிட்டு இடமே இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. நல்ல வயல் பெரும்பாலும் நேர் கீழேயோ பின்னாலோ இருக்கும். சற்றுச் சாய்த்துப் பாருங்கள்.

மூக்கு இடத்தை நோக்கித் திரும்பிய பிறகுதான் என்ஜின் பக்கம் போக வேண்டும். 172எஸ்-இல்: ஃப்யூயல் ஷட்-ஆஃப் (எரிபொருள் அடைப்பான்) முழுக்க உள்ளே, டேங்க் செலக்டர் போத் (இரண்டு டேங்கும்), துணை பம்ப் ஆன், மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை) ரிச் (பெட்ரோல் கூடுதல்), இக்னிஷன் போத். புரொப்பெல்லர் காற்றில் சுழன்றுகொண்டிருந்தால் ஸ்டார்ட்டர் வேண்டாம், காரணம் சரியானால் அதுவே சில விநாடிகளில் பிடித்துக்கொள்ளும். முழுக்க நின்றுவிட்டால் மட்டும் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்புங்கள்.

ஏற்கெனவே ஏடிசியோடு (வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டோடு) பேசிக்கொண்டிருந்தால் அதே அலைவரிசையில் மேடே (அவசர அழைப்பு) சொல்லுங்கள், மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். யாரோடும் தொடர்பு இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5. டிரான்ஸ்பாண்டரில் (ராடாருக்கு அடையாளம் அனுப்பும் கருவியில்) அவசரக் குறியீடு 7700. அழைப்புக் குறி, இருக்கும் இடம், எத்தனை பேர், எங்கே இறங்கப் போகிறீர்கள். இவ்வளவு போதும்.

1,000 அடி வந்ததும் என்ஜினை மறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு இறங்குவது மட்டும்தான் வேலை.

---

பிளக்வயர்

நான் பராமரிப்புப் பக்கம். காரணம் தேடும் பகுதியை மேல்காற்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அதை விரிக்கிறேன், ஏனென்றால் காக்பிட்டிலிருந்தே சரிசெய்யக்கூடிய கோளாறுகள் எல்லாம் எரிபொருள், காற்று, பொறி இந்த மூன்றுக்குள்தான். கனெக்டிங் ராட் உடைந்தால் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. என்ஜின் நல்ல நிலையில் இருந்தும் டேங்கிலிருந்து பெட்ரோல் வராததால் நின்றது என்றால் அது கைக்கு எட்டிய கோளாறு.

பிஏ-28 போனதும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது: அதில் போத் கிடையாது. இடது அல்லது வலது, அவ்வளவுதான். ஒரு டேங்க் காலியாகி மற்றதில் தாராளமாக இருக்கும்போதே என்ஜின் நிற்கும். டேங்கை மாற்றி, எலக்ட்ரிக் பம்பைப் போட்டு, மிக்ஸ்சர் ரிச், கார்ப் ஹீட் (கார்பரேட்டருக்குச் சூடான காற்று) ஆன். மாற்றிய உடனே ஓடவில்லையே என்று திரும்ப மாற்றிவிடாதீர்கள். காலியான குழாய் நிரம்பிப் பெட்ரோல் வந்து சேரப் பத்து விநாடி வரை ஆகலாம்.

172என்-இல் கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உண்டு, உங்கள் 172எஸ்-இல் இல்லை. அதனால் கார்ப் ஹீட் உங்கள் கைப்பழக்கத்திலேயே இருக்காது. கவனமாக இருங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாவதாலும் வென்சுரியில் (அதன் குறுகிய கழுத்தில்) அழுத்தம் விழுவதாலும் வெப்பநிலை சட்டென இறங்கும். 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே பனி கட்டும் ஆபத்து அதிகம். 38 டிகிரி வெயிலில்கூட ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் பனி கட்ட வாய்ப்பு உண்டு. வெயில் அடிக்கிறதே என்று அலட்சியம் கூடாது.

இங்கே இரண்டு விஷயம். ஒன்று, கார்ப் ஹீட்டுக்கான சூடு எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வருகிறது. என்ஜின் நின்றதும் அந்தக் குழாய் ஆறத் தொடங்கிவிடும். பட்டியலின் கடைசியில் ஞாபகம் வந்து இழுத்தால் வருவது வெறும் காற்று. ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) காரணமில்லாமல் 50, 100 குறையும்போதே இழுக்க வேண்டும். இரண்டு, பனி இருக்கும்போது ஹீட் போட்டால் என்ஜின் முதலில் இன்னும் மோசமாக ஓடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, உருகிய தண்ணீரும் சிலிண்டருக்குள் போகிறது. உலுக்கல், திணறல் எல்லாம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஹீட்டை மூடினால் பனி மறுபடி கட்டும். முழுக்க இழுத்து அப்படியே வைத்திருங்கள். பனி கரைந்ததும் ஆர்பிஎம் முன்பிருந்ததைவிட ஏறும்.

திடீரென்று உலுக்கி, எல்லா அளவுமானிகளும் சரியாக இருந்தால் மாக்னெட்டோவை (பொறி உண்டாக்கும் கருவி, இடது வலது என இரண்டு) சந்தேகியுங்கள். சாவியை இடது, வலது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒன்றில் சீராக ஓடினால் அதிலேயே வைத்து அருகிலுள்ள தளத்துக்குப் போகலாம். அவசரத்தில் சாவி ஆஃப் வரை போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எரிபொருள் மூடி வழியாக மழைத்தண்ணீர், டேங்கின் வென்ட் அடைப்பு, 172என்-இல் பூட்டாமல் விட்ட பிரைமர் (ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் செலுத்தும் கைப்பம்ப்), உயரத்தில் லீன் செய்த (பெட்ரோல் குறைத்த) மிக்ஸ்சரை இறங்கும்போது ரிச் செய்ய மறப்பது, இவையும் அடிக்கடி காணும் காரணங்கள். எண்ணெய் அழுத்தம் விழுந்து, எண்ணெய் வெப்பமும் ஏறினால் என்ஜின் சீக்கிரம் இறுகிவிடும் என்று அர்த்தம். ஓடும்போதே அதன் சக்தியைப் பயன்படுத்தி இடம் தேர்ந்தெடுங்கள்.

நெருப்பு வேறு கதை. என்ஜினில் தீ என்றால் திரும்ப ஓட வைக்கும் முயற்சியே கூடாது. மிக்ஸ்சரும் ஷட்-ஆஃபும் மூடு, மாஸ்டர் (முதன்மை மின்சுவிட்ச்) ஆஃப், கேபின் ஹீட் மூடு, 172எஸ்-இல் 100 நாட்.

---

சாய்கோணம்

திரும்புவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். 700, 1,000 என்ற எண்கள் எல்லாம் பாதி உண்மை. உயரம் மட்டும் தெரிந்தால் பதில் சொல்ல முடியாது.

ஸ்டாலிலிருந்து (இறக்கை தூக்குவிசையை இழப்பதிலிருந்து) தொடங்குவோம். 172எஸ் முழு எடையில், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடு) இல்லாமல், மட்டமாகப் பறக்கையில் 48 நாட்டில் ஸ்டால் ஆகும். 30 டிகிரி சாய்வில் 52. 45 டிகிரியில் 57. 60 டிகிரியில் 68. கடைசி எண்ணைப் பாருங்கள். உங்களுடைய சிறந்த கிளைடு வேகமும் அதே 68. அதாவது ரன்வே கைநழுவுகிறதே என்று பதற்றத்தில் 60 டிகிரி வரை சாய்த்து, உயரத்தைக் காக்க யோக்கை இழுத்தால், சரியான வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே ஸ்டால் ஆகிவிடும். கூடவே மூக்கைத் திருப்ப ரட்டரை (வாலிலுள்ள சுக்கானை) மிதித்திருந்தால் ஸ்பின் (சுழன்றபடி விழுவது). 500 அடியில் அதிலிருந்து மீள முடியாது. திரும்பப் போய் இறப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இறக்கிறார்கள், ரன்வேயை எட்டாமல் போவதால் அல்ல.

திருப்பம் 180 டிகிரி என்று நினைக்கக் கூடாது. 70 நாட்டில் 45 டிகிரி சாய்த்தால் திருப்பத்தின் ஆரம் சுமார் 130 மீட்டர். 180 டிகிரி முடியும்போது ரன்வேக்கு இணையாக 260 மீட்டர் தள்ளி இருப்பீர்கள். மேலும் 45 டிகிரி திரும்பி ரன்வேயை நோக்கி, பிறகு எதிர்ப்பக்கம் 45 டிகிரி திரும்பி நேராக வேண்டும். மொத்தம் 270 டிகிரி, 17 விநாடி. அந்தச் சாய்வில் இறக்க வேகமும் கூடும், எனவே திருப்பத்துக்கு மட்டும் 300 முதல் 400 அடி போய்விடும். அதற்கு முன்னால், நடந்தது என்ன என்று மூளை ஏற்றுக்கொள்ளவே 4 விநாடி. ஏறும் நிலையில் மூக்கு மேலே இருப்பதால் அந்த 4 விநாடியில் வேகம் மளமளவென்று விழும்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வின் விமான ஓட்டும் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு. விநாடிக்கு 3 டிகிரி வீதம் மெதுவாகத் திரும்பினால் 225 டிகிரி முடிப்பதற்குள் 1,300 அடிக்கு மேல் இழக்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் அவசரத்தில் யாரும் அவ்வளவு மெதுவாகத் திரும்புவதில்லை, அதனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என்னைப் பொறுத்தவரை முக்கியமான கணக்கு வேறு. நிமிடத்துக்கு 500 அடி வீதம், 74 நாட்டில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெயில் நேரம், முழு எடை என்றால் இதுதான் கிடைக்கும். ஓர் அடி ஏற 15 அடி முன்னே போகிறீர்கள். கிளைடிலோ ஓர் அடி இறங்க 9 அடிதான் கிடைக்கும். நேராக ஏறி 1,000 அடி வந்தபோது புறப்பட்ட புள்ளியிலிருந்து 15,000 அடி தள்ளி இருக்கிறீர்கள். திருப்பத்தில் 350 அடி போனால் மிச்சம் 650 அடி, அதில் 5,850 அடிதான் வர முடியும். ரன்வேயில் 3,500 அடி மிச்சம் இருந்தாலும் அதன் முனையே 11,500 அடி தொலைவில். அதாவது நேராக ஏறிக்கொண்டே போனால் உயரம் கூடக் கூட ரன்வே இன்னும் எட்டாமல்தான் போகும். ஏறும் வீதம் நன்றாக இருந்து, ரன்வே நீளமாக இருந்து, எதிர்காற்று இருந்தால் கதை மாறும். கிராஸ்விண்ட் பக்கம் (ரன்வேக்குக் குறுக்கான திசையில்) ஏற்கெனவே திரும்பியிருந்தாலும் மாறும், ஏனென்றால் பாதித் திருப்பம் முடிந்துவிட்டது.

இன்னொன்று, திரும்பி இறங்கினால் பின்காற்றில் இறங்குகிறீர்கள். 10 நாட் காற்றில் தரை வேகம் 55-க்குப் பதில் 75. மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். பயிற்றுநரோடு 4,000 அடியில், ஏறும் வேகத்தில் இருந்து த்ராட்டிலை (என்ஜின் சக்தி நெம்புகோலை) மூடி, 4 விநாடி ஒன்றும் செய்யாமல் இருந்து, மூக்கைத் தாழ்த்தி, 45 டிகிரி சாய்வில் 270 டிகிரி திரும்பி, கடைசியில் ஃப்ளேர் (தரை தொடும் முன் மூக்கைச் சற்று உயர்த்துவது) செய்வதுபோல் நிறுத்துங்கள். இழந்த அடியோடு அதில் பாதியைக் கூட்டுங்கள். அதற்குக் கீழே எந்தச் சூழலிலும் திரும்புவதில்லை என்று புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த உயரத்துக்குக் கீழே: மூக்கைத் தாழ்த்து, மூக்கின் இரு பக்கமும் 30 டிகிரிக்குள் கிடைப்பதில் இறங்கு.

---

வளர்பிறை

ஸ்டால் எண்களை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை, நன்றி சார். பிளக்வயர் சார், என்ஜின் முழுக்க நிற்காமல் பாதி சக்தியோடு ஓடினால் என்ன செய்வது? வயலில் இறக்குவது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

பிளக்வயர்

பாதி சக்தி முழுதாக நிற்பதைவிட அடிக்கடி வருகிறது. டேக்-ஆஃபுக்குப் பிந்தைய சக்தி இழப்பை ஆராய்ந்த ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பகுதி இழப்பு முழு இழப்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று கண்டது. ஆபத்தும் அதில்தான் அதிகம். முழுக்க நின்றால் முடிவு தெளிவு. பாதி ஓடினால் எப்படியாவது ரன்வேக்குப் போய்விடலாம் என்று தோன்றும், வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது தெரியாது. அந்தப் பாதியும் அடுத்த விநாடி போகும் என்று எண்ணிக்கொண்டு, எந்த நேரத்திலும் கிளைடில் எட்டக்கூடிய இடம் கண்ணில் இருக்கும்படி பறக்க வேண்டும். வேகம் கிளைடு வேகத்துக்குக் கீழே போகவே கூடாது.

---

வரப்பு

வயல் தேர்வு. காற்றை முதலில் கண்டுபிடியுங்கள்: புகை, நீர்நிலையின் மேற்பரப்பு, மேக நிழல் நகரும் திசை. அப்புறம் நீளம், சரிவு, தரை. மேட்டுச் சரிவில் ஏறுமுகமாக இறங்குவது, லேசான பின்காற்று இருந்தாலும், பள்ளத்தில் இறங்குவதைவிட நல்லது. உழுத நிலம் என்றால் உழவுசாலோடு சேர்ந்து இறங்குங்கள், குறுக்கே போனால் மூக்குச் சக்கரம் மாட்டிக் குப்புறக் கவிழும். நீர் தேங்கிய வயலிலும் அதே கதி. சாலை அழகாகத் தெரியும், ஆனால் கம்பிகள் மேலிருந்து தெரியவே தெரியாது. கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி உண்டு.

உயரக் கணக்குக்கு, இறங்கும் புள்ளிக்குப் பக்கவாட்டில் சுமார் 1,000 அடியில் இருப்பதுபோல் அமையுங்கள். அங்கிருந்து வழக்கமான பேஸ் (குறுக்கே திரும்பும் கட்டம்), ஃபைனல் (இறங்குமிடத்தை நோக்கிய நேர்க்கட்டம்). குறி வயலின் தொடக்கத்தில் இருக்கக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருக்கட்டும். ஃபைனலில் அந்தப் புள்ளி கண்ணாடியில் அசையாமல் நின்றால் அங்கேயே போய்ச் சேர்வீர்கள். மேலே ஏறினால் குறைவாக விழுகிறீர்கள், கீழே இறங்கினால் தாண்டப் போகிறீர்கள். உயரம் மிஞ்சியிருப்பதே நல்லது. மிஞ்சினால் ஃப்ளாப் உண்டு, பக்கச் சறுக்கு (சாய்த்துப் பக்கவாட்டில் இறங்குவது) உண்டு, எஸ் வளைவு உண்டு. குறைந்தால் ஒன்றும் கிடையாது. மூக்கைத் தூக்கி இழுத்தால் இன்னும் முன்னாலேயே விழுவீர்கள். 172எஸ்-இல் ஃப்ளாப் 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது செங்குத்தான பக்கச் சறுக்கைத் தவிர்க்கச் சொல்கிறது கையேடு. எனவே வயல் உறுதி ஆகும்வரை 20-ஓடு நிறுத்தி, உறுதியானதும் 30.

மிக்ஸ்சர், ஷட்-ஆஃப், இக்னிஷன் மூன்றையும் மூடி, ஃப்ளாப்பை வைத்த பிறகு மட்டுமே மாஸ்டரை அணையுங்கள். 172-இன் ஃப்ளாப் மின்சாரத்தில் ஓடுவது. மாஸ்டர் போனால் ஃப்ளாப் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பிஏ-28-இல் அது கைநெம்புகோல், இந்தச் சிக்கல் இல்லை. கதவைத் தரை தொடும் முன்பே திறந்து விடுங்கள், சட்டம் நெளிந்தால் பிறகு திறக்காது. தோள்பட்டி இறுக்கமாக இருக்கட்டும்.

தரை தொடும்போது வால் சற்றுத் தாழ்ந்து, குறைந்த வேகத்தில். மணிக்கு 50 மைல் வேகத்திலிருந்து 9 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 9 மடங்கு விசையில்) நிற்கப் பத்தடிகூட வேண்டாம், 9.4 அடி போதும். 100 மைலில் 37.6 அடி வேண்டும். வேகம் இரட்டிப்பானால் தூரம் நான்கு மடங்கு. அதனால் கடைசியில் வேலியோ புதரோ தவிர்க்க முடியாவிட்டால், இறக்கையையும் சக்கரத்தையும் அவை வாங்கிக்கொள்ளட்டும், கேபின் நேராகப் போகட்டும். விமானம் பிழைக்க வேண்டும் என்ற எண்ணமே அப்போது வேண்டாம். மரங்கள் மட்டும்தான் என்றால் நெருக்கமான, தாழ்ந்த மரங்களின் மேல், காற்றை எதிர்த்து, முழு ஃப்ளாப்போடு, இறக்கைகள் மட்டமாக.

---

மேல்காற்று

பயிற்சியில் ஒன்று. த்ராட்டிலை மூடி கிளைடு பழகும்போது 172என் என்றால் முதலில் கார்ப் ஹீட். ஒவ்வொரு 500 அடிக்கும் ஒருமுறை த்ராட்டிலைத் திறந்து என்ஜினைச் சூடாக்குங்கள், இல்லையென்றால் ஒத்திகை நிஜமாகிவிடும். செலக்டரையும் மிக்ஸ்சரையும் தொட்டுக் காட்டினால் போதும், திருப்பக் கூடாது. 500 அடிக்குக் கீழே போகாமல் ஏறிவிடுங்கள்.

ஐடிலில் (குறைந்தபட்ச சக்தியில்) ஓடும் என்ஜின் கொஞ்சமாவது இழுவை தருகிறது. நிஜமாகவே செத்த என்ஜினில் புரொப்பெல்லர் காற்றால் சுழன்று எதிராகத் தடுக்கும். அதனால் ஒத்திகையில் மயிரிழையில் எட்டிய வயல் நிஜத்தில் எட்டாது. ஃபைனலில் ஒரு கட்ட ஃப்ளாப்பாவது கையில் மிச்சம் இருக்கும்படி எட்டினால்தான் அந்த வயலைக் கணக்கில் சேருங்கள்.